நால்வரில் ஒருவராய்

(மருத்துவமனைச் சிற்றாலயத்தில் போதகர் அளித்த செய்தி)



கனடா நாட்டு வாலிபர் டெரி ஃபாக்ஸ் புற்றுநோயால் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரலில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டச் செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். நண்பர் வேன் ஓட்டினார். வழியில் தம்பியும் சேர்ந்துகொண்டார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபோது நோய் நுரையீரலுக்குப் பரவி, ஓட்டம் நின்றது. 1981 ஜூனில், 22 வயதில் காலமானார். அவ்வாண்டு செப்டம்பரிலேயே மூன்று லட்சம் பேர் அவர் பெயரால் ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் முதல் பரிசு கிடையாது. பாட்டியும் பேரனும் சேர்ந்து நடக்கலாம்.

மாற்கு 2-ம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நால்வரின் விசுவாசத்தையும் இயேசு கண்டார். நம் வார்டுகளிலும் எழுந்து நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் குடும்பமாய் நடந்து சேர்க்கும் காணிக்கையால் அவர்கள் படுக்கையின் ஒரு முனையைத் தூக்குகிறீர்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.