சைக்கிளும் தலைக்கவசமும்: நம் தங்கைமாருக்காக ஒரு வேண்டுகோள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாம் படித்த காலத்தில் நம்மில் பலர் நடந்தே வந்தோம். கோணக்கலைப் பக்கமிருந்தும் நமுனுகுலைப் பாதையிலிருந்தும் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கி, பாடசாலைக் குழாயடியில் கால் கழுவிய பிறகுதான் சப்பாத்துப் போடுவோம். அட்டைக் கடியோடு முதலாம் பாடத்தில் உட்கார்ந்தவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அன்று நம்மோடு நடந்த சிலர் சாதாரண தரத்துக்கு முன்பே நின்றுவிட்டார்கள். எல்லோரும் படிப்பு வராமல் நின்றவர்கள் அல்லர். பின்னேர வகுப்பு முடிந்து இருட்டில் தனியே மலை ஏற வேண்டுமே என்று வீட்டில் மறித்தவர்களும் உண்டு.

அதனால்தான், நூற்றாண்டு நினைவாகத் தூரத்துத் தோட்டங்களிலிருந்து வரும் மாணவியருக்குச் சைக்கிள் கொடுப்போம் என்ற யோசனை சங்கத்தில் வந்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். உடனே இரண்டு கேள்விகளும் வந்தன. "மலையில் சைக்கிளா?" என்பது ஒன்று. "விழுந்து தலையில் அடிபட்டால் யார் பொறுப்பு? எல்லோருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க முடியாவிட்டால் சைக்கிளே வேண்டாம்" என்பது மற்றது. இரண்டாவதில் நாங்கள் இரு பக்கமாகப் பிரிந்தோம்.

சைக்கிள் ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதை முதலில் பார்ப்போம். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். கேலி செய்த ஊரே பிறகு பழகிப்போனது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க அரசு பணம் கொடுத்தது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலை வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளின் தொகை ஏறத்தாழ 30 வீதம் கூடியதாகக் கண்டார்கள். பாடசாலை தூரமாக இருந்த ஊர்களிலேதான் பலன் அதிகம். யாழ்ப்பாணத்தில் வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளில் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அவையெல்லாம் சமதரை. நம்முடையது மலை. ஆகவே தலைக்கவசப் பேச்சை வைத்தியர்களாகிய நாங்கள் தட்டிக்கழிக்க முடியாது. தலையில் அடிபட்ட பிள்ளை பிழைத்தாலும் ஞாபகம் குறைவது, வலிப்பு வருவது, படிப்பு நின்றுபோவது எல்லாம் பின்னால் வரலாம். காயமடைந்த 64,000 பேருக்கும் மேற்பட்ட சைக்கிளோட்டிகளைப் பற்றிய 40 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தலைக்கவசம் போட்டவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 70 வீதம் குறைவு என்று தெரிந்தது.

மறுபக்கத்துக்கும் நியாயம் உண்டு. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990இல் சைக்கிளுக்குத் தலைக்கவசத்தைச் சட்டமாக்கியது. அதன் பிறகு மெல்பேர்னில் எடுத்த கணக்குகளில் சைக்கிளில் போகும் பதின்ம வயதினர் வெகுவாகக் குறைந்திருந்தார்கள். சட்டத்துக்குப் பயந்து சைக்கிளையே விட்டவர்கள் அதில் உண்டு. நெதர்லாந்தில் தலைக்கவசம் போடுபவர் மிகக் குறைவு. 1971இல் அங்கே 400க்கு மேற்பட்ட பிள்ளைகள் வீதி விபத்தில் இறந்தார்கள். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடினார்கள். பிறகு அரசு சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டு, வாகன வேகத்தைக் குறைத்தது.

பசறைக்கு இதில் என்ன பாடம்? சைக்கிள் தலைக்கவசத்தை ஐரோப்பாவில் சோதிக்கும்போது ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்துதான் சமதளத்தில் விழவிடுகிறார்கள். அது மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் அடிபடுவதற்குச் சமம். வளைவில் சறுக்கி விழும் பிள்ளையை அது காக்கும். எதிரே வரும் பஸ்ஸிலிருந்து காக்கும் என்று நினைக்கக் கூடாது. நம் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத சைக்கிள் அந்த வேகத்தைச் சில விநாடியில் தாண்டிவிடும். ஆகவே முதற் காவல் பிரேக். இரண்டாவது பாதை. மூன்றாவது தலைக்கவசம். மூன்றும் வேண்டும். ஆனால் வரிசை மாறக் கூடாது.

எங்கள் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு சைக்கிளோடும் அளவான தலைக்கவசமும், முன்னும் பின்னும் விளக்கும் கொடுப்போம். வீட்டிலிருக்கும் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை மாட்டி அனுப்ப வேண்டாம். பிள்ளையின் கழுத்துக்கு அது பாரம். கவசம் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். நாடாவை இறுக்க வேண்டும். இரட்டைப் பின்னலைத் தாழ்த்திக் கட்டினால் சரியாக உட்காரும். ஒரு முறை பலமாக அடிபட்டால் உள்ளே இருக்கும் ரெஜிபோம் நசுங்கிவிடும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டும். தவணைக்கு ஒரு முறை சைக்கிள் கடைக்காரரைப் பாடசாலைக்கு அழைத்துப் பிரேக் கட்டைகளைப் பார்ப்போம். அந்தச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். செங்குத்தான இறக்கத்தில் இறங்கி உருட்டி வரப் பழக்குவோம். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போனாலும் புத்தகப் பையாவது முதுகை விட்டு இறங்குமே! லொறியும் பஸ்ஸும் ஓடும் பதுளை வீதியைத் தவிர வேறு வழியில்லாத பிள்ளைக்குச் சைக்கிள் பொருந்தாது. அவளுக்கு பஸ் செலவைக் கொடுப்போம்.

இன்னும் ஒன்று. தலைக்கவசம் மறந்து வந்த பிள்ளையை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பும் விதி வேண்டாம். மேலதிகமாக நான்கைந்து வாங்கி அலுவலகத்தில் வைப்போம். போகும்போது ஒன்றைக் கொடுத்து அனுப்பட்டும். மறதிக்குத் தண்டனையாக ஒரு நாள் பாடம் போனால், அந்த ஒரு நாளே பலவாகிவிடும். அப்படி நின்றவர்களை நாம் அறிவோம்.

இன்று அவர்களில் சிலரின் பிள்ளைகள் இதே குறுக்குப் பாதையில் இறங்கி வருகிறார்கள். பயம் நமக்கும் இருக்கிறது. அந்தப் பயத்தை அவர்களின் பயணத்துக்குத் தடையாக்காமல், தலைக்கவசமாகவும் பிரேக் கட்டையாகவும் மாற்றிக் கொடுப்போம். தூரத்தில் இருக்கும் சகோதரிகளும் இதில் கைகோக்க வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறோம்.