பாட்டனார் எழுதி வைத்த பெயர்கள்



நம் தோட்டத்து வீடுகளில் கட்டிலுக்கு அடியில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருப்பது வழக்கம். வீட்டுப் பெரியவர் உயிரோடு இருக்கும் வரை அதை வேறு யாரும் தொட மாட்டார்கள். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும். உள்ளே நகை இருக்கிறது, பவுன் காசு இருக்கிறது என்று பேரப்பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொள்வார்கள். பெரியவர் கண்ணை மூடிய பிறகு திறந்து பார்த்தால், பெரும்பாலும் காகிதங்கள்தாம். அடையாளக் கார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள், மணியார்டர் ரசீதுகள், மடித்து மடித்துக் கிழிந்துபோன ஏதோ ஒரு துண்டுச் சீட்டு.

கருமாதி முடிந்ததும் இறந்தவருடைய பாயையும் துணிமணியையும் கொளுத்திவிடுவோம். காகிதங்களும் பல வீடுகளில் அந்த நெருப்போடு போய்விடுகின்றன. படிக்கத் தெரியாதவர் விட்டுச் சென்ற காகிதத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம்தான் காரணம். அப்படிப் போக இருந்து, போகாமல் தப்பிய ஒரு பெட்டியைப் பற்றி இன்று பேசுவோம். அது எங்கள் பாட்டனாருடைய பெட்டி.

பாட்டனார் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். 1974-ஆம் ஆண்டு காலமானார். அவரைப் பற்றித் தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. 'சயாமுக்குப் போய்விட்டு வந்தவர். வரும்போது எதையோ கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்' என்பார்கள். மழைக்காலம் வந்துவிட்டால் அவர் இரவில் தூங்க மாட்டார். நடுச்சாமத்தில் எழுந்து, லயத்துத் திண்ணையில் நின்றுகொண்டு ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பெயருடையவர் எங்கள் தோட்டத்தில் எவரும் இல்லை. ரயிலில் ஏற மாட்டார். ஈப்போவுக்குப் போவதென்றாலும் பஸ்தான். சோற்றுக் கஞ்சியை வீட்டில் யாராவது கீழே கொட்டினால் அன்று முழுவதும் யாரோடும் பேச மாட்டார்.

காத்துக் கருப்பு என்றார்கள். பூசாரியை அழைத்துத் தாயத்துக் கட்டினார்கள். முனியாண்டி கோயிலில் சேவல் அறுத்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. பாட்டியிடம் கேட்டால், "அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை" என்பதோடு முடித்துக்கொள்வார். எங்கள் பாட்டியைப் போன்ற பெண்கள் அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் இருந்தார்களோ!

பெட்டியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறோம். ஏனென்றால் இவற்றில் சில உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும்.

மேலாக இருந்தது, அவசரகாலத்தில் கொடுக்கப்பட்ட அடையாளக் கார்டு. நம் நாட்டில் அடையாளக் கார்டு 1948-ஆம் ஆண்டில்தான் வந்தது. அதன் அடியில் ஒரு கட்டு நோட்டுகள். வாழை மரமும் குலையும் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டுகள். எண் இருக்க வேண்டிய இடத்தில் 'எம்' என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் குறியீடு. அந்த எழுத்து மலாயாவைக் குறிக்கும். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அடித்த நோட்டு அது. 1945-இல் அவர்கள் தோற்றவுடன் அடுப்பெரிக்கத்தான் உதவிற்று. பாட்டனார் அதை எரிக்கவும் இல்லை, பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கவும் இல்லை. சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்.

அதற்கும் கீழே ஓர் அஞ்சலட்டை. ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்டது. 1946-ஆம் ஆண்டின் தபால் முத்திரை குத்தியது. ஊரில் இருந்த அவருடைய தாயார், எழுதத் தெரிந்த யாரையோ பிடித்து எழுதுவித்திருக்கிறார். நீ உயிரோடு இருப்பதாகக் கேள்விப்பட்டு மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தோம், தம்பியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் தெரியவில்லையே, அவன் உன்னோடுதானே இருக்கிறான் என்பது அதன் சாரம். பாட்டனாருக்குத் தம்பி ஒருவர் இருந்தார் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். இரவில் அவர் கூப்பிட்ட பெயர் அந்த அட்டையில் இருந்தது.

அட்டையோடு மூன்று தாள்கள் சேர்த்து மடிக்கப்பட்டிருந்தன. மூன்றும் பாட்டனார் கைப்பட எழுதத் தொடங்கிய பதில். தாயாருக்கு நமஸ்காரம், இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல் என்பது வரை மூன்றிலும் இருக்கிறது. அதற்குமேல் மூன்றிலும் ஒன்றும் இல்லை.

கடைசியாக, பெட்டியின் அடித்தட்டில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம். பென்சிலால் எழுதிய 23 பெயர்கள். பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயர், எத்தனையாவது லயம் என்ற குறிப்பு. 17 பெயர்களுக்கு எதிரே ஒரு கோடும் ஒரு மாதமும். முதல் பக்கத்தில் 'சுபானு வருஷம்' என்று இருந்தது. இதை எப்படிக் கணக்கிடுவது என்று இளைஞர்கள் கேட்கலாம். தமிழ் ஆண்டுகள் 60 உண்டு. ஒரு சுற்று முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து வரும். சுபானு 1943 சித்திரையில் பிறந்தது. அதற்கு முந்தின சுபானு 1883-இல் வந்தது, பிந்தியது 2003-இல். ஆகவே அந்த நோட்டுப் புத்தகம் பேசுகிற ஆண்டு எது என்பதில் ஐயமே இல்லை.

1943 என்றால் சயாம் ரயில். மூத்தவர்கள் அறிந்த கதைதான். பிள்ளைகளுக்காகச் சிறிது சொல்ல வேண்டும்.

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ரப்பரை வாங்குவார் இல்லை. தோட்டங்களில் வேலை நின்றது. அரிசி போய் மரவள்ளிக் கிழங்கு வந்தது. துணிக்குப் பதில் கோணிச் சாக்கு வந்தது. அந்த நேரத்தில் பர்மாவில் இருந்த தங்கள் படைக்குத் தளவாடம் அனுப்ப, சயாமில் பான்போங் பகுதியிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டருக்கு, மலையையும் காட்டையும் அறுத்துக்கொண்டு ரயில் பாதை போட ஜப்பானியர் முடிவு செய்தார்கள். 1942-இல் வேலை தொடங்கி, 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. அதற்கு ஆள் வேண்டுமே! நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆசைக்கு மசியாதவர்களைக் கட்டாயப்படுத்தினார்கள். படம் காட்டுகிறோம் என்று கூட்டி, வந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றிய கதைகளை எத்தனையோ முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000 பேருக்குக் குறையாது. பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்.

சாமான் ஏற்றும் மூடிய வண்டிகளில் நாள்கணக்காகப் பயணம். பிறகு காட்டுக்குள் கால்நடை. மூங்கில் கொட்டகை, ஒழுகும் கூரை, கையளவு சோறு. 1943-இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக ஆட்கள் மடிந்தார்கள். அந்த ரயில் பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள்.

'கணக்கிடுகிறார்கள்' என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். அதே பாதையில் 60,000-க்கு மேற்பட்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுடைய துன்பமும் சிறிதல்ல. ஆனால் அவர்களோடு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். யார் எங்கே என்று இறந்தார் என்பதை ஒளித்து மறைத்தாவது எழுதி வைத்தார்கள். அதனால்தான் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலான கல்லில் பெயரும் வயதும் உண்டு. நம்மவர்களுக்கு எழுதுவார் இல்லை. 1990-ஆம் ஆண்டு அதே காஞ்சனபுரியில் கரும்புக் காட்டைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோருடைய எலும்புகள் குவியலாக வெளிப்பட்டன. எந்த எலும்பு எந்தத் தோட்டத்து மகனுடையது என்று யாரால் சொல்ல முடியும்?

அந்த நிலையில், ஒரு பால்மரத் தொழிலாளி பென்சிலால் எழுதிய 23 பெயர்கள் எவ்வளவு பெரிய பதிவேடு என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு தோட்டத்துக்கு அதுவே ஒரே கல்லறை.

17 கோடுகளில் ஒன்று பாட்டனாருடைய தம்பிக்கு உரியது. அவர் எப்படி இறந்தார் என்று நோட்டில் இல்லை. சயாமுக்குப் போய்த் திரும்பிய வேறொரு தோட்டத்துப் பெரியவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் பெயர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்; தம்பியின் பெயர் வந்ததும் நிறுத்தச் சொன்னார். வாந்திபேதி கண்டவர்களைத் தனிக் கொட்டகையில் போடுவார்களாம். பாட்டனார் இரண்டு இரவு திருட்டுத்தனமாகக் கஞ்சித் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் காலையில், நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் அடுத்த முகாமுக்குக் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு. தம்பிக்கு அப்போது உயிர் இருந்தது. "போகாமல் நின்றிருந்தால் அவரையும் அடித்தே கொன்றிருப்பான். உங்கள் தாத்தா நடந்தார். நாங்கள் எல்லாரும் நடந்தோம்" என்றார் அந்தப் பெரியவர்.

மூன்று தாள்களும் அந்த இடத்தில் ஏன் நின்றன என்பது அப்போது விளங்கியது. தாயாருக்கு எதை எழுதுவது? பேய் என்று ஊர் சொன்னது எது என்பதும் விளங்கியது. அதற்குத் தாயத்து எதற்கு? யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, 'என்ன நடந்தது, சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கலாம் என்று இன்று சொல்வது எளிது. அந்தக் காலத்தில் அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு.

இப்படிப்பட்ட காகிதம் உங்கள் வீட்டில் இருந்தால் என்ன செய்யலாம்? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கிழிந்த இடத்தில் பசை நாடா ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் தாளுக்குள் வைத்துச் சூடேற்றி ஒட்டவும் வேண்டாம். இரண்டும் நாளடைவில் காகிதத்தைத் தின்றுவிடும். பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில் வையுங்கள். படம் இருந்தால் யார் என்பதைத் தனித் தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். ஜப்பானிய எழுத்தோ ஜாவி எழுத்தோ இருந்தால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம். சயாமுக்குப் போனவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்களை விரல்விட்டு எண்ணுவதும் கடினம். ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கோடு போட்ட 17 பேரில், தம்பியைத் தவிர மற்றவர்களுக்கும் குடும்பம் இருக்குமே என்று தேடினோம். தோட்டம் கைமாறி, குடும்பங்கள் சிதறியிருந்தன. 1976-ஆம் ஆண்டு ஒருவருடைய மனைவியைக் கண்டுபிடித்தோம். எங்கள் தோட்டத்திலிருந்து இருபது கல் தொலைவில் தமக்கை வீட்டில் இருந்தார். அந்தத் தோட்டத்துத் திருவிழாவுக்குப் பாட்டனார் ஒரு முறையேனும் போனதில்லை என்பது எங்களுக்கு நினைவுக்கு வந்தது. அந்த அம்மாள் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். கழுத்தில் தாலிக்கயிறு இருந்தது. சொல்லலாமா, வேண்டாமா என்று வாசலிலேயே எங்களுக்குள் வாதம். 33 ஆண்டுகள் வைத்திருந்த பொட்டை அழிக்க நாம் யார் என்றார் எங்களில் ஒருவர்.

அவரே எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டார். சொன்னோம். சற்று நேரம் பேசவில்லை. "அவர் திரும்பி வந்தது எனக்குத் தெரியும். வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதன் பிறகு நோட்டைப் படிக்கச் சொன்னார். முகாமில் நாள்காட்டி ஏது? பாட்டனார் வானத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்: ஆனி, அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். அதை இரண்டு முறை படித்தோம்.

அந்த அம்மாள் விரலை மடக்கி எண்ணினார். "திருதியை" என்றார். பிறகு உள்ளே திரும்பி, வரும் ஆனிக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று தமக்கையிடம் கேட்டார்.