கண்ட நஞ்சும் காணா அலையும்

(பாலக்கோட்டில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

காலைச் சந்தையில் தக்காளிப் பெட்டிகளை இறக்கிய களைப்பு நீங்குமுன் இங்கு வந்து அமர்ந்திருக்கும் உழவர் பெருமக்களே! தோழர்களே!

இன்று பிற்பகல் உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நான் வந்து இறங்கியபோது, தோழர்கள் மாலை போட்டார்கள். மாலையோடு மனு ஒன்றையும் கையில் கொடுத்தார்கள். "புற்றுநோய் பரப்பும் அலைபேசிக் கோபுரத்தை அகற்று" என்பது மனுவின் முதல் வரி. "இதைப் பற்றி இன்றிரவு இடிமுழக்கம் செய்யவேண்டும்" என்பது தோழர்களின் கட்டளை.

இடிமுழக்கம் செய்வது எனக்குக் கடினமல்ல. நாடகம் எழுதுகிறவன் நான். "பிஞ்சுக் குழந்தை" என்று ஒரு சொல், "புற்று" என்று ஒரு சொல், இரண்டுக்கும் நடுவே ஒரு பெருமூச்சு. கைதட்டல் தானாக வரும். வந்தும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் வேறோர் ஊரில் இதே பொருள்பற்றி நான் முழங்கினேன். சிட்டுக்குருவிகளைக் கொன்ற கோபுரம், நாளை உன் செல்வத்தையும் கொல்லும் என்றேன். கொட்டகை அதிர்ந்தது.

ஓராண்டு கழித்து அவ்வூர்த் தோழர் ஒருவர் என்னைச் சந்தித்தார். அவருடைய மகளுக்கு ஓயாத தலைவலி. என் பேச்சைக் கேட்ட அன்றிரவே முடிவு செய்தாராம்: கோபுரந்தான் காரணம் என்று. பள்ளியை நிறுத்தி, மகளைத் தொலைவிலிருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பினார். தலைவலி நிற்கவில்லை. கடைசியில் கண் மருத்துவரிடம் போனார்கள். மூக்குக்கண்ணாடி போட்டார்கள், தலைவலி நின்றது. "ஒரு வருஷப் படிப்புதான் போச்சு, அண்ணே!" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் அவர். அவர் சிரித்தார், என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த ஓராண்டைப் பறித்தது கோபுரமல்ல, தோழர்களே, என் நாக்கு!

ஆகவே இன்று இடி இல்லை, கணக்கு உண்டு. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் கணக்குச் சொல்லக் கிளம்பிவிட்டானே என்று நகைப்பீர்கள். பாதியில் விட்டவனுக்குத்தான் தெரியாததை இன்னொருவரிடம் கேட்டறியும் பழக்கம் வரும். கேட்டறிந்ததைச் சொல்கிறேன், செவி கொடுங்கள்.

கதிர்களில் இருவகை உண்டு. எக்ஸ் கதிர், அணுவிலிருந்து மின்னணுவைப் பிடுங்கி எறியும். உடலின் மரபணுச் சரட்டை அறுக்கும். அதனால் புற்று வரும் என்பது மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. அலைபேசி அலையோ, நாம் கண்ணால் காணும் ஒளியைவிட இலட்சம் மடங்குக்கு மேல் அதிர்வெண் குறைந்தது. அதற்குச் சூடேற்றும் வலிமை உண்டு. சரட்டை அறுக்கும் வலிமை இல்லை. மாங்காயை அடிக்கக் கல் வேண்டும். கூடை கூடையாகத் தவிட்டைத் தூவினாலும் காம்பு அறுமோ?

சூடேற்றும் வலிமைக்கு வரம்பு வேண்டாமா? வேண்டும். இந்தியாவில் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து கோபுரக் கதிருக்கான வரம்பு, பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையென்றால், ஒரு சதுர மீட்டருக்கு 0.45 வாட். உச்சி வெயில் அதே பரப்பில் கொட்டுவது ஏறத்தாழ 1000 வாட். வெயில் வேறு, அலை வேறு. ஆனாலும் அளவு எவ்வளவு என்பது விளங்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று கேளுங்கள். கோபுரத்துக்கு அஞ்சுகிறோம், காதோடு ஒட்டிக் கிடக்கும் கைப்பேசிக்கு அஞ்சுவதில்லை! தொலைவு இருமடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகும். எனவே, தலைக்குக் கிடைக்கும் அலையில் பெரும்பங்கு கோபுரத்தினுடையது அன்று, கைப்பேசியினுடையது. பக்கத்து வயலில் இருப்பவனிடம் மெல்லப் பேசுகிறோம். குன்றுக்கு அப்பால் இருப்பவனைக் கூவி அழைக்கிறோம். கைப்பேசியும் அப்படியே. கோபுரம் எட்டப் போகப்போக, அது ஓங்கிக் கத்தும். கோபுரத்தை ஊரைவிட்டு விரட்டினால், அலையை நம் காதுக்கே அழைத்துக்கொள்கிறோம் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை!

சரி, கைப்பேசியால் மூளையில் கட்டி வருமா? 13 நாடுகளில் நடந்த பேராய்வு 2010இல் வெளிவந்தது. பொதுவில் கேடு தென்படவில்லை. மொத்தம் 1640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களிடம் மட்டும் சிறு உயர்வு தென்பட்டது. நினைவைக் கேட்டுப் பெற்ற கணக்கு, பிழை புகுந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். 2018இல் அமெரிக்க அரசின் ஆய்வில், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் கதிரில் வைக்கப்பட்ட ஆண் எலிகளின் இதயத்தில் ஒருவகைக் கட்டி காணப்பட்டது. விந்தை என்னவென்றால், அந்த எலிகள் கதிர்படாத எலிகளைவிட நீண்டநாள் வாழ்ந்தன! உலக நலவாழ்வு நிறுவனத்தின் வேண்டுகோளின்படி 63 ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்து 2024இல் வெளியிட்ட முடிவு, கைப்பேசிக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணவில்லை என்பது.

சிட்டுக்குருவி? 2018இல் '2.0' திரைப்படம் வந்தது. கோபுரங்களால் பறவைகள் மாண்டன என்று கண்டு கண்கலங்கி வெளியே வந்தோம். 2020இல் இந்தியப் பறவைகளின் நிலைபற்றிய அறிக்கை வந்தது. பெருநகரங்களில் குருவி குறைகிறது. நாட்டின் மொத்தக் கணக்கில் ஏறத்தாழ நிலையாக இருக்கிறது. கோபுரந்தான் காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றது. ஓட்டுவீடும் கூரைவீடும் போய், கூடுகட்ட இடுக்கில்லாத காரைவீடு வந்ததை நாம் எண்ணிப் பார்த்தோமா?

"அப்படியானால் ஐயத்துக்கே இடமில்லையா? 2011இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமே இந்த அலையைச் 'சாத்தியமுள்ளவை' பட்டியலில் சேர்க்கவில்லையா?" என்று கேட்கலாம். சேர்த்தது. அதற்கு முன்பே, 2002இல், மின்கம்பியைச் சூழும் காந்தப் புலத்தையும் அதே பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலின் பெயர் 2பி. 'இல்லையென்று தள்ளவும் இயலவில்லை, உண்டென்று கொள்ளவும் இயலவில்லை' என்பது அதன் பொருள். சோற்றுக்கற்றாழை முழு இலையின் சாறும் அங்கேதான் இருக்கிறது. மெய்ப்பிக்கப்பட்டவற்றின் பட்டியல் வேறு. அதன் பெயர் ஒன்று. அங்கே யார் யார்? புகையிலை இருக்கிறது, மது இருக்கிறது, பாக்கு இருக்கிறது! முன்வரிசையில் வெற்றிலைப் பாக்கோடு புகையிலையையும் ஒதுக்கிக்கொண்டு, கோபுரத்தை வீழ்த்தத் துடிக்கும் பெரியவரே, சினவாதீர். முதலில் வாயிலுள்ள கோபுரத்தைத் துப்பிவிட்டு வாரும்!

இனி, மின்கம்பிக்கு வருகிறேன். இங்கே குரல் சற்று மாறவேண்டும்.

1979இல் அமெரிக்காவின் டென்வர் நகரில், மின்கம்பிக்கு அருகிலுள்ள வீடுகளில் குழந்தைகளின் இரத்தப் புற்று கூடுதலோ என்ற ஐயத்தை இருவர் கிளப்பினார்கள். நாடுகள் பலவற்றின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2000இல் பார்த்தபோது, சராசரியாக 0.3 அல்லது 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் காந்தப் புலத்தில் வாழ்ந்த குழந்தைகளிடம் அந்நோய் ஏறத்தாழ இருமடங்காகத் தென்பட்டது. அவ்வளவு புலத்தில் வாழும் குழந்தைகள் மிகச் சிலரே. காரணம் இதுதான் என்று மெய்ப்பிக்கப்படவில்லை. எப்படி விளைகிறது என்றும் எவரும் காட்டவில்லை. உண்மையென்றே கொண்டால், உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு 100 முதல் 2400 குழந்தைகள் வரை இதனால் நோயுறக்கூடும் என்று 2007இல் உலக நலவாழ்வு நிறுவனம் கணித்தது. சிறிய எண்தான்; எனினும் குழந்தை குழந்தைதானே! ஆகவேதான், புதிய கம்பி இழுக்கும்போது குறைந்த செலவில் புலத்தைக் குறைக்கும் வழிகளை நாடுங்கள் என்று அந்நிறுவனம் அறிவுரை கூறிற்று. நடுங்கவும் வேண்டாம், நகைக்கவும் வேண்டாம், நாலடி தள்ளிப் போ என்பதே அதன் பொருள்.

மேற்கு மாவட்டங்களில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் உயர் அழுத்த மின்கோபுரங்களை எதிர்த்து உழவர்கள் போராடினார்கள். கம்பிக்கடியில் குழல்விளக்கைக் கையில் பிடித்து நின்றார்கள். இணைப்பில்லாத விளக்கு எரிந்தது! கண்டவர் திகைத்தனர். மின்புலம் அங்கே இருக்கிறது என்பதற்கு அது சான்று. நோய் தருகிறது என்பதற்குச் சான்றாகாது. ஆனால், அந்த உழவர் ஏன் விளக்கைத் தூக்கினார்? நாடகக்காரன் நான், காட்சியாகவே சொல்கிறேன்.

உழவர்: ஐயா, என் நிலத்தில் ஏன் குழி தோண்டுகிறீர்கள்?

அதிகாரி: மின்கோபுரம் நடப்போகிறோம்.

உழவர்: என் ஒப்புதல்?

அதிகாரி: தேவையில்லை. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் இருக்கிறது.

உழவர்: தந்தியா? இதில் தந்தி வருமா?

அதிகாரி: தந்தி வராது, சட்டம் மட்டும் வரும்!

சிரிக்கிறீர்கள். நாட்டில் தந்திச் சேவை 2013இல் நின்றுவிட்டது. தந்திச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் புதுச்சட்டம் இயற்றினார்கள். ஆயினும், மின்கோபுரத்துக்காக மட்டும் பழைய சட்டத்தின் மூன்றாம் பகுதி உயிரோடு வைக்கப்பட்டது. வெள்ளைக்காரன் போனான், தந்தி போயிற்று, வெள்ளைக்காரன் எழுதிய தந்திச் சட்டம் மட்டும் வயலில் நிற்கிறது! கோபுரத்தின் அடிநிலத்துக்கு 85 விழுக்காடு என்று 2015இலும், 200 விழுக்காடு என்று 2024இலும் மைய அரசு வழிகாட்டுதல் எழுதிற்று. வழிகாட்டுதல் என்பது கைகாட்டி மரம்; அது வழியைக் காட்டும், கூடவே நடந்து வராது.

"நிலம் போகிறது" என்று உழவன் சொன்னான், கேட்கச் செவியில்லை. "விலை வீழ்ந்தது" என்றான், செவியில்லை. "நோய் வருகிறது" என்றான். உடனே ஊர் திரும்பிப் பார்த்தது. நியாயத்துக்குக் கிடைக்காத மேடை அச்சத்துக்குக் கிடைத்தது. குற்றம் அச்சமுற்றவனுடையதா, நியாயத்தைக் கேளாதவனுடையதா?

தோழர்களே! மெய்ப்பிக்கப்பட்ட கேடு எப்படியிருக்கும் என்று தருமபுரி மாவட்டத்துக்கு எவரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. நம் கிணற்று நீரிலே புளூரைடு. பல்லிலே கறையாகத் தெரிந்தது. எலும்பிலே வளைவாகத் தெரிந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்று அளவு இருந்தது. அளந்தார்கள், மிகுந்திருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கினார்கள். அளவு வந்தது, அதன் பின்னே திட்டம் வந்தது. அளவில்லாமல் அழுகை மட்டும் இருந்தால், ஆறுதல் வந்திருக்கும், ஆறு வந்திராது!

மின்சாரத்தின் கேட்டையும் நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். 2023 மார்ச்சில், இங்கேயே மாரண்டஅள்ளிக்கு அருகே, சட்டத்துக்குப் புறம்பான மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. காணாத அலைக்கு நடுங்குகிற நாம், கண்டறிந்த மின்வேலியை வயலைச் சுற்றிக் கட்டலாமா? பயிரைக் காக்க வழியின்றித் தவிக்கும் உழவனின் துன்பம் பெரிது. ஆனால், அந்த வேலிக்கு யானை எது, இருட்டில் வரும் அண்டை வீட்டான் எவன் என்று தெரியாதே!

அப்படியானால் நாம் கேட்கவேண்டியது என்ன? அளவைக் கேட்போம்! ஒரு கோபுரம் வரம்புக்குள் இருக்கிறதா என்று மக்கள் பார்ப்பதற்கு 2017இல் 'தரங் சஞ்சார்' என்னும் இணையதளத்தை மைய அரசு தொடங்கிற்று. நேரில் வந்து அளந்து காட்ட, 4000 ரூபாய்க் கட்டணம் என்றார்கள். தக்காளி பறிக்கும் தாய் எத்தனை நாள் கூலியைக் கட்டி இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்வாள்? பள்ளியருகே, மருத்துவமனையருகே கட்டணமின்றி அளக்கட்டும்; அளந்ததைத் தமிழிலே எழுதி ஊராட்சிமன்றப் பலகையில் ஒட்டட்டும். மீறியிருந்தால் அந்தக் கோபுரத்தின் மீது நடவடிக்கை. மீறாவிடில் நமக்கு உறக்கம். மின்வழித்தடத்தைக் குழி தோண்டிய பிறகல்ல, கோடு கிழிக்கும்போதே கிராமசபையில் வைக்கட்டும்; பள்ளியையும் வீட்டையும் தள்ளிப் போகட்டும். கம்பிக்கு அருகேயுள்ள இரும்பு வேலிக்கு நிலத்தொடர்பு கொடுக்கட்டும். நிலத்துக்கு உரிய விலையை நிலத்தின் பெயராலேயே கேட்போம். நோயின் பெயரால் கேட்கவேண்டாம்.

நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டியதும் உண்டு. நெடுநேரப் பேச்சுக்குக் கைப்பேசியைக் காதைவிட்டுத் தள்ளிவைத்து, செவிப்பொறியில் பேசுங்கள். *#07# என்று அழுத்தினால், உங்கள் கைப்பேசியின் கதிர் உட்கொள்ளும் அளவு திரையில் வரும், கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேலிருக்கக் கூடாது என்பது சட்டம். குழந்தையின் கையிலிருந்து அதை வாங்கிவையுங்கள். அலைக்காக மட்டுமல்ல, அதன் கண்ணுக்காக, உறக்கத்துக்காக, படிப்புக்காக. தலைவலி என்றால் கோபுரத்தைப் பார்க்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்!

உங்கள் மனு இதோ என் கையில் இருக்கிறது. மேடையேறுமுன் தோழர்களின் இசைவோடு முதல் வரியில் சில சொற்களை மாற்றினேன். 'புற்றுநோய் பரப்பும் கோபுரத்தை அகற்று' என்றிருந்தது. 'அளந்து காட்டாத கோபுரத்தை அளந்து காட்டு' என்று இப்போது இருக்கிறது. சத்தம் குறைந்துவிட்டது, சத்து கூடியிருக்கிறது. முதல் வரியோடு போயிருந்தால், "சான்று எங்கே?" என்று அதிகாரி நம்மைக் கேட்டிருப்பார். இந்த வரியோடு போனால், "அளவு எங்கே?" என்று நாம் அவரைக் கேட்போம். கேள்வி கேட்கும் இடம் நம்முடையதாக இருக்கட்டும்!

கையெழுத்திட வாருங்கள். முதற் கையெழுத்து என்னுடையது. அந்தப் பெண் இழந்த ஓராண்டுக்கு நான் திருப்பித் தரக்கூடியது இவ்வளவுதான்.