பிள்ளையின் கண் வீங்கினால் பேரைப் பார்க்காதீர்கள்



என் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குத் தடிமனோடு ஒரு கண் சிவந்து வீங்கியது; காய்ச்சலும் அடித்தது. பேர் போய்விடுமென்று தாய் இரண்டு நாள் பொறுத்தார். நல்லவேளை, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காப்பாற்றினார்கள்.

மூக்கைச் சுற்றிய எலும்பு அறைகளிலுள்ள கிருமி கண்குழிக்குள் இறங்குவதால் இது வருகிறது. கண் பிதுங்கினால், அசைக்க வலித்தால், பார்வை மங்கினால் உடனே புறப்படுங்கள். மூளைக்கும் பரவலாம். தாய்ப்பாலும் சொட்டு மருந்தும் போதாது. வார்டில் வைத்து ஊசிமூலம் மருந்து ஏற்றவேண்டும்.

ஹேவாஹெட்டயிலிருந்து கண்டிக்கு மலைப்பாதை. இரவென்று பார்க்காமல் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பேராதனைச் சிறுவர் வைத்தியசாலையும் இலவசம்.

அதற்காக யாராவது பேர் வெட்டினால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். நாங்கள் பேசுகிறோம். போன பேரைக் கேட்டு வாங்கலாம். போன கண்ணை வாங்க முடியாது.