நாளைப் பின்னிருந்து எண்ணுங்கள்

(மேற்படிப்புக்குச் செல்லவிருக்கும் இளைஞர்களுக்காக வாசிகசாலை மண்டபமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் பட்டப்பின் படிப்புக்கு அனுமதி தேடுவோர் எழுதும் ஜீ. ஆர். ஈ. பரீட்சைக்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்வது என்று பேசும்படி பணிக்கப்பட்டுள்ளேன். இப்பரீட்சையில் ஒருமுறை தோற்றவன் என்பதே இங்கு நிற்பதற்கு எனக்குள்ள தகுதி. அதிகாலை நான்கு மணி முதல் நள்ளிரவு வரை மூன்று நிற மைகளில் ஓர் அட்டவணை வரைந்தேன். ஐந்தாம் நாள் அது சுவரில் மட்டுமே இருந்தது. அவ்வாண்டு என் தந்தையார் வெங்காயம் விற்ற பணத்திற் பெரும்பகுதி பரீட்சைக் கட்டணத்துக்கும் கொழும்புப் பயணத்துக்கும் போயிற்று. அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதனாலேயே இன்றுவரை அது நெஞ்சில் நிற்கிறது.

கட்டணம் 200 டொலருக்கு மேல். ஆகவே, முதலில் நீங்கள் விரும்பும் பகுதி இப்பரீட்சையைக் கேட்கிறதா என்று பாருங்கள். 2020-ஆம் ஆண்டுக்குப் பின் பல பகுதிகள் அதனைக் கைவிட்டுவிட்டன. கேளாத இடத்துக்குப் பணத்தைக் கொட்டுவானேன்?

கேட்கிறது என்றால், விண்ணப்ப முடிவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முடிவு நாள் டிசம்பர் 15 என்று கொள்வோம். பெறுபேறு வர எட்டு முதல் பத்து நாள் செல்லும். ஒருமுறை எழுதியவர் 21 நாள் கழித்தே மீண்டும் எழுதலாம். எனவே ஒக்டோபர் 24-இல் எழுதினால், முதல்முறை சறுக்கினாலும் நவம்பர் நடுப்பகுதிக்குப் பின் இன்னொரு முறை எழுத இடமுண்டு. ஒக்டோபர் 24-இலிருந்து பன்னிரண்டு வாரம் பின்னே சென்றால் ஆகஸ்ட் 1. அதுவே உங்கள் தொடக்க நாள்.

உத்தியோகம் பார்ப்பவர் வாரத்தில் ஐந்து நாள் காலையில் ஒன்றரை மணியும், சனிக்கிழமை மூன்று மணியும் ஒதுக்கட்டும். பன்னிரண்டு வாரத்தில் 126 மணியாகிறது. ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் தொடவேண்டாம். தவறிப்போன பாடத்தை ஈடுசெய்யவும் ஒரு வெற்று நாள் வேண்டுமல்லவா? என் மூவர்ண அட்டவணையில் அது இருக்கவில்லை.

இங்கே தோட்டக்காரர் பலர் இருக்கிறீர்கள். ஒரு மாதத்துக்குரிய நீரை ஒரே நாளில் இறைத்தால் வெங்காயம் அழுகும் என்பதை உங்களுக்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை. மூளையும் அவ்வாறே. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, படித்ததிற் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகிறது என்று காட்டிற்று. இன்று கற்ற ஆங்கிலச் சொல்லை நாளையும், நான்காம் நாளும், பத்தாம் நாளும் மீட்டிப் பாருங்கள். மீட்டுவதென்றால் திரும்ப வாசிப்பதன்று. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்வது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் நடத்திய சோதனையில், ஒரு வாரங் கழித்து அதிகம் நினைவிற் கொண்டிருந்தோர் திரும்பத் திரும்ப வாசித்தவரல்லர், தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவரே.

பரீட்சை நடத்துவோரே இரண்டு மாதிரிப் பரீட்சைகளை இலவசமாகத் தருகின்றனர். ஒன்றை முதல் வாரத்திலும் மற்றொன்றைப் பதினோராம் வாரத்திலும் செய்யுங்கள். 2023 செப்டெம்பரிலிருந்து பரீட்சை இரண்டு மணிக்குள் முடிந்துவிடுகிறது. பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை. ஆகவே ஒரு வினாவையும் வெறுமையாக விடாதீர்கள். கணிதம் பாடசாலைக் கணிதமே. பொறியியற் பட்டதாரிகள் அதனை இகழ்ந்து, அவசரத்தால் புள்ளி இழக்கிறார்கள். பிழைகளுக்கென ஒரு கொப்பி வைத்து, ஏன் பிழைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தக் கொப்பி எந்த விலையுயர்ந்த வழிகாட்டி நூலிலும் மேலானது.

இன்னுமொன்று. பதிவு செய்யும் பெயரும் கடவுச்சீட்டிலுள்ள பெயரும் ஒன்றாயிருத்தல் வேண்டும். தந்தை பெயரை முன்வைத்து எழுதும் நம்மவர்க்கு, எது குடும்பப் பெயர், எது தன் பெயர் என்பதில் தடுமாற்றம் நேர்வது வழக்கம். பெயர் பொருந்தாவிடின் மண்டப வாயிலிலேயே திருப்பியனுப்பவுங் கூடும். இன்றிரவே கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். முதல் மாதிரிப் பரீட்சையைச் செய்தவர்கள் பிழைக் கொப்பியுடன் என்னிடம் வரலாம். ஞாயிறு மாலைகளில் இதே மண்டபத்தில் இருப்பேன்.