பாடலாசிரியர் நீங்கிய பின்

இசைக்குழு ஒன்றின் உயிர் அதன் கருவிகளில் உள்ளதா, அன்றி அவற்றை இயக்கும் மனிதரிடம் உள்ளதா? இவ்வினாவுக்கு விடை தரவல்ல இசைத்தட்டு ஒன்றைப் பற்றி நேயர்களோடு சிறிது பேச விழைகிறோம். இங்கிலாந்து நாட்டின் டிபேஷ் மோட் குழுவினர் 1982 செப்டம்பரில் வெளியிட்ட இரண்டாவது தொகுதி அது. பெயர் 'எ புரோக்கன் ஃபிரேம்'. 'உடைந்த சட்டம்' எனப் பெயர்த்தால் நீதிமன்ற வாடை வீசும். ஆதலின் 'உடைந்த சட்டகம்' என்போம்.

எஸ்ஸெக்ஸ் பகுதியில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த புதுநகரம் பாசில்டன். அவ்வூர் இளைஞர் நால்வர் 1980இல் இக்குழுவாக ஒன்றுகூடினர். இவர்களுடைய முதன்மைக் கருவி சிந்தசைசர். நரம்பு அதிர்வதோ குழலில் காற்றுப் புகுவதோ அதில் இல்லை. மின்சாரம் அலையாக எழும். வடிப்பான் அவ்வலையில் வேண்டாத பகுதியைக் கழிக்கும். எஞ்சுவது ஒலிபெருக்கி வழியே இசையாக வரும். உணர்ச்சியற்ற இயந்திரம் என்று இதனைப் பழித்தோர் பலர்.

1981இல் வந்த முதல் தொகுதியில் பதினொரு பாடல்கள். அவற்றுள் ஒன்பதை இயற்றியவர் வின்ஸ் கிளார்க். குழுவுக்குப் புகழ் தேடித் தந்த துள்ளலான மெட்டுகள் அவருடையவை. விளம்பர வாழ்வில் மனம் ஒட்டாத அவர், அவ்வாண்டின் இறுதியிலேயே விலகிச் சென்றார். எஞ்சியவர் மூவர்: பாடகர் டேவ் கஹான், ஆண்ட்ரூ ஃபிளெச்சர், முந்திய தொகுதிக்கு இரண்டே உருப்படிகள் அளித்திருந்த மார்ட்டின் கோர். கோருக்கு அப்போது வயது இருபது. இரண்டாவது தொகுதியின் பத்து உருப்படிகளையும் இயற்றும் பொறுப்பு அவர்மீது விழுந்தது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். ஒலிப்பதிவு நடந்தது, முன்போலவே, லண்டனில் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் அமைந்த பிளாக்விங் கூடத்தில். உடனிருந்து தயாரித்தவர் அதே டேனியல் மில்லர். பாடிய குரலும் அதுவே. மேடைக்கென ஆலன் வைல்டர் புதிதாக வந்து சேர்ந்திருந்தாலும், இப்பதிவில் அவர் பங்கேற்கவில்லை. ஆக, பெரிதும் மாறியது பாட்டு இயற்றும் உள்ளமே. அதனோடு இசையின் முகமும் மாறிற்று. 'லீவ் இன் சைலன்ஸ்' பிரிவின் கனத்தைத் தாழ்ந்த சுருதியில் சொல்கிறது. 'தி சன் அண்ட் தி ரெயின்ஃபால்' துள்ளலை அறவே கைவிட்டு, மெல்ல நடக்கிறது.

குறையில்லாத தொகுதி என்று நாம் கூற மாட்டோம். 'தி மீனிங் ஆஃப் லவ்' போன்றவற்றில் சென்றவரின் சாயல் இன்னும் நீங்கவில்லை. புதியவர் பழைய செருப்பில் கால் நுழைத்து நடப்பது தெரிகிறது. எனினும் 'சீ யூ' என்னும் பாடல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடத்தை எட்டியது. கிளார்க் இருந்த காலத்தில் அவர்களுடைய பாடல் எதுவும் எட்டாம் இடத்தைத் தாண்டியதில்லை.

தொகுதியின் உறையில் பிரையன் கிரிஃபின் எடுத்த புகைப்படம் உள்ளது. கார்மேகம் சூழ்ந்த வானின் கீழ், விளைந்த வயலில் தனியொருத்தி கதிர் அறுக்கிறாள். மின்கருவி இசைக்கு இப்படம் ஏன் என்று ஐயுறுவோர், பாடல்களைக் கேட்டபின் அங்ஙனம் வினவார். 2020இல் அமெரிக்காவின் ராக் இசைப் புகழ்க்கூடத்தில் இடம் பெறும் அளவுக்கு இக்குழு வளர்ந்தது. அவ்வளர்ச்சிக்கு முதல் உழவு நடந்தது இத்தொகுதியில்தான். இயந்திரம் தானாகத் துயருறாது. துயருற்றவர் கைபட்டால் அதுவும் அத்துயரைப் பேசும் என்பதே நாம் பெறும் விடை.