வந்தானா, வந்ததா? கணினி விளையாட்டில் திணையும் அறமும்



இலக்கணம் கற்பித்தே காலம் கழித்த நாம் கணினி விளையாட்டைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஈராண்டுக்கு முன்னர் மாணவர் சிலர், தாம் உருவாக்கிவந்த மாயவுலக விளையாட்டு ஒன்றின் தமிழ்த் தொடர்களைத் திருத்தித் தருமாறு நம்மை நாடி வந்தனர். அதில் ஆடுபவர் தம் உலகைத் தாமே அமைத்துக்கொள்ளலாம். மலை எங்கே, ஆறு எங்கே, அங்கு வாழ்வோர் மனிதரா, அரக்கரா, பேசும் மான்களா என்பதெல்லாம் அவர் விருப்பம். செய்யும் செயலுக்கேற்ப அறப்புள்ளி ஏறும், இறங்கும். நாம் சந்திப் பிழைகளைக் களைந்தோம். மான் வருமிடங்களில் ‘வந்தாள்’ என்றிருந்ததை ‘வந்தது’ என மாற்றிக் கொடுத்தோம். அது நாம் செய்த பிழை. அதை ஒப்புக்கொள்ளவே இவ்வுரை.

விளையாட்டில் அறத்தைப் புகுத்துவது புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர் ஆடும் பரமபதத்தில் ஏணி நற்செயலையும் பாம்பு தீச்செயலையும் குறிக்கும். ஆயினும் ஏற்றுவதும் இறக்குவதும் தாயக்கட்டையே. ஆடுபவர் எதையும் தெரிவு செய்வதில்லை. பயன் உண்டு, வினை இல்லை. 1985இல் ரிச்சர்ட் காரியட் வெளியிட்ட ‘அல்டிமா 4’ இவ்விடத்தில் வேறுபட்டது. இறுதியில் கொன்று வெல்ல வேண்டிய பகைவன் அதில் இல்லை. நேர்மை, பரிவு, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டுப் பண்புகளிலும் தேறி ‘அவதார்’ ஆவதே நோக்கம். பார்வையற்ற மூலிகை வணிகரிடம் விலையைக் குறைத்துக் கொடுத்தால் அவர் அறியமாட்டார். ஆனால் நேர்மைக் கணக்கில் குறையும். அந்தக் கணக்கும் ஆடுபவர் கண்ணில் படாது. 1997இல் வந்த ‘ஃபால்அவுட்’ இத்தகைய கணக்குக்குக் ‘கர்மா’ என்றே பெயரிட்டது. நம் நாட்டுச் சொற்கள் இவ்வாறு உலகெங்கும் உலவுவதில் மகிழ்ச்சிதான். ஆனால் தமிழின் பங்கு பெயர்ச்சொற்களில் இல்லை, வினைமுற்றில் இருக்கிறது என்பது நம் கருத்து.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்கும்போதே உலகை இரண்டாகப் பகுக்கிறது. மக்கள் உயர்திணை, அவரல்லாத பிற அஃறிணை. பின்வந்த நன்னூல் தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்தது. (அரக்கரை எங்கே வைப்பது என்பதற்குப் பவணந்தியாரிடம் விடை தேடலாம் என்றபோது மாணவர் சிரித்தனர்.) ஆங்கில வினைச்சொல்லில் இப்பகுப்பு தெரியாது. தமிழ்ப் படர்க்கை வினைமுற்று பெரும்பாலும் அதைக் காட்டியே தீரும். ஆகவே ஆடுபவர் தம் உலகின் உயிர்களைத் தெரிவு செய்யும்போதே, எது கொலை, எது வேட்டை என்பதில் பாதியை இலக்கணம் முடிவு செய்துவிடுகிறது.

திருத்திய தொடர்களோடு ஆடிப் பார்த்த மாணவி ஒருவர் சில வாரங்களில் திரும்பி வந்தார். “ஐயா, மானை எய்தால் புள்ளி முன்போலவே குறைகிறது. ஆனால் இப்போது யாருக்கும் வருத்தமாக இல்லை” என்றார். நமக்கு விடை கூறத் தெரியவில்லை.

அன்று பஃப்ளோ சாலை வழியே நடந்து திரும்பினோம். லிட்டில் இந்தியாவின் இப்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வாணிகத்தால் வளர்ந்தது. அருகிலுள்ள கெர்பாவ் சாலையின் மலாய்ப் பெயருக்கும் எருமை என்பதே பொருள். அங்கேதான் நாம் எத்தனையோ முறை நடத்திய வழுவமைதிப் பாடம் நினைவுக்கு வந்தது. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவை காரணமாகத் திணை மாறி வரலாம் என்று நன்னூல் இசைவு தருகிறது. பசுவை அன்போடு ‘அம்மை’ என்று அழைத்து ‘வந்தாள்’ என்று முடிப்பவர் பிழை செய்தவரல்லர். நாம் விதியை மட்டும் நினைவிற் கொண்டு, அதன் அமைதியை மறந்து திருத்தியிருந்தோம்.

மறுநாள் மாணவரை அழைத்து, திணையை உயிரின் வகையோடு கட்டாமல் உறவோடு கட்டுமாறு கூறினோம். மானுக்கு நீர் வார்த்தவர்க்கு அது ‘வந்தாள்’ ஆகட்டும். வேட்டையாடியவர்க்கு ‘வந்தது’ என்றே இருக்கட்டும். ஊரைத் தொடர்ந்து கொள்ளையிட்டவரைக் கண்டால் ஊரார் ‘அது வருகிறது’ என்று முகம் திருப்பட்டும். அறப்புள்ளியைத் திரையிலிருந்தே எடுத்துவிடலாம் என்றோம்.

வேலை எளிதாக இல்லை. ஒரு தொடரைப் பல வடிவங்களில் எழுத வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, ஆடுபவர் சூட்டும் பெயரும் வேற்றுமை ஏற்க வேண்டும். ‘மாலா’ என்றால் ‘மாலாவை’, ‘வேலன்’ என்றால் ‘வேலனை’, ‘மேகம்’ என்றால் ‘மேகத்தை’. கணினிக்கு இதைக் கற்பிப்பதற்கே பல மாலைகள் கழிந்தன. இங்கே சீனப் பெயரும் மலாய்ப் பெயரும் வரும் என்பதையும் மறக்கலாகாது.

இறுதியில் ஒரு மாணவர், மானே நேரில் பேசும் காட்சிகளை நீட்டினார். ‘நான் வந்தேன்’, ‘நீ வந்தாய்’ என்றே அவை ஓடின. அவ்வடிவங்களில் திணை தெரிவதில்லை. அந்தப் பக்கங்களில் நாம் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை.